படம் போட்டால் வண்டி வராது

அத்தியாயம் 14

பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். அவருடைய பின்னறையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பல் செய்துகொடுத்த அக்கா, இரண்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்து தன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் பெரிய பல் லேபிலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஓர் இடம் காலி, கைத்திறன் தேர்வுக்கு வரவும் என்று. தங்கை அதை மூன்று தடவை உரக்கப் படித்தாள். வாடகை வண்டி ஓட்டும் தங்கை கணவர் நெஞ்சில் கை வைத்து, "நானே கொண்டுபோய் விடறேன்க்கா. நீங்க கவலையே படாதீங்க" என்றார்.

அந்தத் தேர்வு இன்றைக்கு. பதினோரு மணிக்கு. பதினொன்றுக்குக் கதவு சாத்தப்படும் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஒன்பது இருபத்தைந்துக்கு அக்கா அடுக்குமாடியின் கேட் அருகே தன் சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். மடியில் கருவிப்பெட்டி. உள்ளே மெழுகுக் கத்திகள், சின்ன ஸ்பிரிட் விளக்கு, பட்டுத் துணி. தலைகூட இரண்டு தடவை வாரியாகிவிட்டது. போன் அதிர்ந்தது.

'அக்கா, ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டேன். பார்ட்டி இன்னும் வெளியே வரலை. ஆபீஸ்ல வேற வண்டி கேட்டுக்கங்க.' கூடவே கும்பிடுகிற கைகள் மூன்று ஜோடி.

ஏர்போர்ட் சவாரி என்றால் அப்படித்தான். அக்காவுக்கு அது தெரியும். கோபப்படாமல் டாக்சி ஆபீஸை அழைத்தாள். எடுத்தது தங்கைதான். அங்கே போனில் சவாரி வாங்கி வண்டி அனுப்புவது அவள் வேலை.

"வணக்கம், சொல்லுங்க."

"நான்தான்டி. உன் வீட்டுக்காரர் கை விரிச்சுட்டார். ஒரு வண்டி அனுப்பு."

"அஞ்சே நிமிஷம்க்கா. நீ நகராம அங்கேயே இரு."

"நகர்ந்து எங்கடி போகப்போறேன்?"

டாக்சி ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாசனை படியேறி வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். வேலை நடப்பதெல்லாம் போனில் இருக்கும் ஒரு குரூப்பில்தான். தங்கை இடத்தையும் நேரத்தையும் போட்டு, பக்கத்தில் ஒரு படம் வைப்பாள். பெட்டி என்றால் லக்கேஜ் அதிகம். பால் புட்டி என்றால் கைக்குழந்தை. நாய் என்றால் நாய். நாற்பத்தொரு டிரைவர்களில் யார் முதலில் கட்டைவிரல் போடுகிறார்களோ அவருக்குச் சவாரி. மூன்று நிமிஷத்தில் யாரும் போடவில்லை என்றால் ஒவ்வொருவராக அழைத்துக் கெஞ்ச வேண்டும்.

கெஞ்ச வைப்பது ஒரே ஒரு படம்தான். நீலக் கட்டத்துக்குள் வெள்ளைச் சக்கர நாற்காலி. டிரைவர்கள் அதற்குக் 'கல்' என்று பேர் வைத்திருந்தார்கள். கல் விழுந்தால் நாற்பத்தொரு வண்டியும் ஒரே சமயத்தில் சாப்பிடப் போய்விடும்.

தனக்கு அப்படி ஓர் அக்கா இருப்பதைத் தங்கை அந்த ஆபீஸில் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை என்பது அவள் தனக்கே வைத்திருந்த சமாதானம்.

அவள் படத்தோடுதான் போட்டாள். ஒரு நிமிஷம் போனது. பக்கத்து மேஜைப் பெண் ஒரு நாய்ச் சவாரி போட்டாள். கட்டைவிரல்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. "பெரிய நாயா, சின்ன நாயா?" என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். அக்காவின் சவாரிக்கு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை.

தங்கை அந்தப் பதிவை அழித்தாள். அதே தெரு, அதே கேட். படம் மட்டும் இல்லாமல் மறுபடி போட்டாள்.

எட்டு விநாடியில் கட்டைவிரல் வந்தது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட திருப்தியில் அவள் ஒரு மிடறு டீ குடித்தாள்.

வெள்ளைக் கார் ஒன்று கேட் முன்னால் நின்றபோது மணி ஒன்பது ஐம்பது. டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

"நீங்கதான் புக் பண்ணதா?"

"ஆமாங்க. முன்கதவைத் திறந்தா நானே ஏறிக்குவேன். நாற்காலி மடங்கும், பின்சீட்டுல போட்டுக்கலாம்."

அவர் நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்தவளைப் பார்க்கவில்லை.

"சொல்லவே இல்லையே."

"எதை?"

"இதைத்தான். டிக்கியில கேஸ் சிலிண்டர் இருக்கும்மா."

"பின்சீட்டுன்னுதான் சொன்னேன்."

"சீட் கவர் இப்பத்தான் புதுசா மாத்தினது."

"சக்கரத்தை நல்லா துடைச்சுத் தர்றேன்."

இப்படிச் சொன்னதற்காக அக்கா பிற்பாடு நாள் முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

"இல்லம்மா. படம் போட்டிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன். ஏமாத்தி வர வெச்சிருக்கீங்க" என்றார் அவர். கண்ணாடி ஏறியது. கார் போனது.

அக்கா போனை எடுத்தாள்.

"ஏன்டி படம் போடலை?"

"வண்டி வந்துச்சா?"

"வந்துச்சு. என்னைப் பாத்துச்சு. போயிடுச்சு. ஏன் போடலை?"

"முதல்ல போட்டேன்க்கா. ஈ காக்கா இல்லை. போட்டா வண்டி வராதுக்கா, உனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்துட்டா மனசு இரங்கி ஏத்திக்குவாங்கன்னு பாத்தேன்."

"மனசு இரங்கணுமா? நான் என்ன ஓசியிலயா போறேன்?"

"அக்கா, உன் நல்லதுக்குத்தான்..."

"என்னை அழிச்சுட்டுத்தான் எனக்கு வண்டி பிடிக்கணும்னா, அந்த வண்டி வர்றப்ப நான் எங்கடி இருப்பேன்?"

போனில் பின்னால் கீழ்த்தளத்தில் யாரோ டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"போட்டும் வரலைன்னா, வராதவன் யாருன்னாவது தெரியும். நீ மறைச்சதால தப்பு என் தலையில வந்து விழுது. அந்த ஆளு என்னை ஏமாத்துக்காரின்னு சொல்லிட்டுப் போறான். என்ன படம் போடறீங்க நீங்க?"

"நீலக் கட்டத்துல, வெள்ளையா..."

"அது கழிவறைக் கதவுல ஒட்டறதுடி. பார்க்கிங்ல தரையில வரையறது. அதுல இருக்கறது ஆளா, துணி மாட்டற கொக்கியா? போன்லயே கொஞ்சம் கீழ தள்ளிப் பாரு. கையால தள்ளற நாற்காலி தனியா இருக்கு, மோட்டார் நாற்காலி தனியா இருக்கு. மோட்டார் மடங்காது, அதுக்குப் பெரிய வண்டி வேணும். என்னுது குடை மாதிரி மடங்கும். இந்த வித்தியாசம் டிரைவருக்குத் தெரிய வேண்டாமா?"

"இருக்குக்கா. ரெண்டும் இருக்கு. நான் பாத்ததே இல்லை."

"நாலு வருஷமா அந்தச் சீட்டுல என்ன பண்ற நீ? சரி, தள்ளற நாற்காலியைப் போடு. படம் பாதிதான் சொல்லும், மீதியை எழுது. மடங்கும், பன்னிரண்டு கிலோ, தானே ஏறுவாங்க, ஒரு நிமிஷம். எழுதினியா?"

"எழுதறேன். அக்கா, மணி பத்து."

"எனக்கும் வாட்ச் இருக்கு."

தங்கை போட்டாள். 🦽 மடங்கும். பன்னிரண்டு கிலோ. தானே ஏறுவார். ஒரு நிமிஷம் போதும்.

குரூப் பழையபடி அமைதியானது. முதலாளி டீயோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கல்லு இன்னும் கிடக்குதா? வண்டி இல்லைன்னு சொல்லி அனுப்பிடும்மா. காலையில பிசி நேரத்துல இதுக்கு மெனக்கெடாதே."

"கல்லு இல்லை சார்."

"என்ன?"

"கல்லு இல்லை. எங்கக்கா."

பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள். முதலாளி டீயை ஆற்றுவது போல் ஊதினார். ஆறிப்போன டீதான் அது. தங்கையின் முகம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டோடு, சொன்னதையே குரூப்பிலும் எழுதினாள். 'இது என் அக்கா. பதினோரு மணிக்குத் தேர்வு. யாராவது போங்க.'

பத்து ஒன்பதுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. ஸ்கூல் வேனை விட்டுவிட்டுக் கார் ஓட்ட வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்த பெண். எல்லோரும் அவரை வேன்காரம்மா என்பார்கள்.

வேன்காரம்மா கேட் முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்கதவைத் திறந்துவிட்டு நின்றார். பிடிக்கிறேன் தூக்குகிறேன் என்று பாயவில்லை. அக்கா ஏறி உட்கார்ந்ததும், "இதை எங்க அமுக்கணும்?" என்று கேட்டார். அக்கா காட்டினாள். நாற்காலி மடங்கியது. டிக்கி துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது.

"டிக்கியை எப்பவுமே இப்படியா வெச்சிருப்பீங்க?"

"இல்ல, உள்ள ஸ்டெப்னி, வாளி எல்லாம் கிடந்துச்சு. படத்தைப் பாத்துட்டு இறக்கி வெச்சுட்டு வந்தேன். அதுக்குத்தானே படம்?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு முதன்முதலாக ஒருவர் அந்தப் படத்தைப் படமாகப் படித்திருக்கிறார்.

"பதிமூணு வருஷம் பிள்ளைங்களை ஏத்தி இறக்கினவ நான். நீங்க வாந்தி எடுக்க மாட்டீங்கல்ல?"

"இதுவரைக்கும் இல்லை."

"அப்ப பிரச்சினையே இல்லை."

போக்குவரத்து நெருக்கடியில் வண்டி ஊர்ந்தது. ஸ்டாண்டில் செருகியிருந்த வேன்காரம்மாவின் போன் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒளிர்ந்தது. பார்க்க வேண்டும் என்று அக்கா பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே இருந்தது. அது ஆபீஸ் குரூப் அல்ல. டாக்சி ஸ்டாண்டு டிரைவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த குரூப்.

'பாலத்து மேல நிக்கறேன். நகரவே இல்லை ♿♿♿'

'பஞ்சர் மச்சி. நானும் ♿ ஆயிட்டேன்'

'இவன் ஓட்டறதைப் பாத்தா இவனுக்கே ♿ வாங்கித் தரணும் 😂'

வேன்காரம்மா சட்டென்று போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

"பாக்காதீங்கம்மா. பசங்க ஏதோ விளையாட்டா..."

"எத்தனை வயசுப் பசங்க?"

வேன்காரம்மா யோசித்தார். "நாப்பது இருக்கும். ஒருத்தருக்குப் பேத்தி இருக்கு."

"சவாரிக்கு அந்தப் படம் வந்தா கண்ணு தெரியாது. கிண்டல் பண்ண மட்டும் தேடி எடுக்கறாங்க. காட்டுங்க."

"வேண்டாம்மா. தேர்வுக்குப் போறீங்க."

"காட்டுங்க."

சிக்னலில் வண்டி நின்றது. வேன்காரம்மா வெட்கத்தோடு போனைக் கொடுத்தார். அக்கா விரலால் மேலே தள்ளினாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டு, வெள்ளைக் கார்க்காரர்: 'ஆபீஸ்ல படம் போடாம ஏமாத்தறாங்க. போய்ப் பாத்தா கல்லு. திரும்பி வந்துட்டேன்.'

'ஜில்லு' என்று ஒருவர்: 'எந்தத் தெரு?'

வெள்ளைக் கார்க்காரர் தெருவின் பெயரையும் கேட் எண்ணையும் போட்டிருந்தார்.

இரண்டு நிமிஷம் கழித்து ஜில்லு: 'நல்லவேளை, தப்பிச்ச 😂'

ஜில்லுவின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு போட்டோ. அக்கா அதைத் தொட்டுப் பெரிதாக்கினாள். மாப்பிள்ளையும் தங்கையும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாண நாளுக்கு எடுத்தது. மூன்று பேராக எடுத்த போட்டோ. ஓரத்தை வெட்டியவர் அவசரத்தில் சரியாக வெட்டவில்லை. நாற்காலியைத் தள்ளுகிற கைப்பிடி ஒன்று கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது.

தெருவின் பெயரைப் பார்த்தபின் அந்த இரண்டு நிமிஷம் மாப்பிள்ளை என்ன யோசித்திருப்பார்? கேட் எண் அவர் வீட்டு எண். தினமும் அவர் வண்டியைத் திருப்பி நிறுத்துகிற கேட்.

"தெரிஞ்சவங்களா?" என்று வேன்காரம்மா கேட்டார்.

"தெரிஞ்சவங்கன்னுதான் நெனச்சேன்."

பத்து ஐம்பத்தாறுக்கு லேப் வாசலில் இறங்கினாள். கண்ணாடிக் கதவில் நீலக் கட்டப் படம் புதுசாக ஒட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் மூன்று படிகள்.

காவலாளி ஓடி வந்தார். "பின்பக்கம் சாய்வா இருக்கும்மா. ஆமா, உங்களுக்கு எப்படி இப்படி ஆச்சு?"

"பல் விளக்காம விட்டுட்டேன்."

அவர் தன்னையறியாமல் வாயை மூடிக்கொண்டார்.

பின்பக்கச் சாய்வில் பிளாஸ்டர் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வேன்காரம்மாவும் காவலாளியும் ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். அக்கா உள்ளே போனபோது மணி பதினொன்று ஆறு. தேர்வறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். மேலாளர் பாதி திறந்தார்.

"நேரமாயிடுச்சேம்மா. ரூல்னா ரூல்தானே?"

"பத்து அம்பத்தாறுக்கு உங்க வாசல்ல இருந்தேன் சார். இந்தப் படத்தைக் கதவுல ஒட்டினது நீங்கதானே? அதுக்கு என்ன அர்த்தம்? நான் உள்ளே வரலாம்னு. அதை நம்பி வந்தா மூணு படி. பின்னால போனா மூட்டை. அந்தப் பத்து நிமிஷம் என்னுதா, உங்களுதா?"

மேலாளர் அவள் பின்னால் பார்த்தார். வேன்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார், முழங்கை வரைக்கும் வெள்ளை மாவாக. மேலாளர் கதவை முழுதாகத் திறந்தார்.

மேல் வரிசை முன்பற்கள் ஆறு இல்லாத ஒரு பிளாஸ்டர் அச்சைக் கொடுத்தார்கள். அந்த ஆறையும் இரண்டு மணி நேரத்தில் மெழுகில் செதுக்க வேண்டும். கோபத்தைத் தோளுக்குக் கீழே இறங்க விடக்கூடாது என்பது அவள் தொழிலில் கற்றது. விளக்கை ஏற்றினாள், கத்தியைச் சூடாக்கினாள். மற்றவர்கள் ஆறு பல்லையும் முத்து கோத்தாற்போல ஒரே வரிசையாக வைத்தார்கள். அக்கா கீழ்வரிசை தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்து, இந்த வாய்க்காரர் வலப்பக்கமாக மெல்லுகிறவர் என்று கண்டுகொண்டாள். அந்தப் பக்கத்துப் பல்லை ஒரு மயிரிழை திருப்பி வைத்தாள்.

மாலை ஆறு மணிக்குத் தங்கை வீட்டுக்கு வந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"அந்த வெள்ளைக் கார்க்காரனை முதலாளிகிட்ட சொல்லி ஒரு வாரம் நிறுத்தி வெக்கச் சொன்னேன். முணுமுணுக்கறார். இவரும் பாவம்க்கா, ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டேன்னு எத்தனை வருத்தப்பட்டார் தெரியுமா?"

அக்கா கூடத்தில் இருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று பகல் முழுக்கத் தராசு பிடித்துப் பார்த்தாயிற்று. சொன்னால் தங்கையின் நிம்மதி போகும். சொல்லாவிட்டால் தன்னுடையது போகும். அதுதான் போய்விட்டதே.

மாப்பிள்ளை வந்தார். கையில் ஒரு பை திராட்சை. விதையில்லாதது, அக்காவுக்குப் பிடித்த வகை.

"எப்படிக்கா பண்ணீங்க? நீங்க போனா சும்மாவா?"

"உக்காருங்க மாப்பிள்ளை. ஜில்லுங்கறது யாரு?"

சமையலறையில் கத்தி நின்றது.

"ஸ்டாண்டுல... ஏசி நல்லா போடுவேன்னு பசங்க வெச்ச பேரு."

"நல்லவேளை தப்பிச்சன்னு எழுதினீங்களே. யார்கிட்டேர்ந்து தப்பிச்சான்?"

மாப்பிள்ளை திராட்சைப் பையை மேஜை மேல் வைத்தார். பிறகு அதைச் சரியாக வைத்தார்.

"அது சும்மா ஒரு பேச்சுக்கு. தெருவைச் சரியாப் பாக்கலை."

"ரெண்டு நிமிஷம் பாத்தீங்க."

"பொம்மைப் படம்க்கா அது. நாலு பேர் போடறாங்க, நானும் போடறேன். உங்களை நெனச்சா போடறேன்?"

"நெனைக்காம போடறீங்க பாருங்க, அதைத்தான் கேக்கறேன். மூணு வருஷமா ஒரே மேஜையில சாப்பிடறோம். அந்தப் படத்தை விரலால தொடறப்பகூட என் ஞாபகம் வரலைன்னா, இந்த வீட்டுல என்னை என்னன்னு வெச்சிருக்கீங்க? தாமதமா வந்தா நான். வண்டி கெட்டா நான். ஒருத்தன் தோத்தா நான். நான் எதுலங்க தோத்தேன்?"

தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். "நீங்களா? தெருப் பேரைப் பாத்தப்புறமுமா?"

மாப்பிள்ளைக்கு இப்போது கோபம் வந்தது. பதில் இல்லாதவர்களுக்கு அது சீக்கிரம் வரும்.

"நீ மட்டும் என்ன? படத்தை எடுத்துட்டு அனுப்பினது நீதானே? உனக்கு இப்படி ஒரு அக்கா இருக்கறது இன்னிக்குக் காலை வரைக்கும் உங்க ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமா?"

தங்கை ஒரு கணம் கண்ணை மூடினாள். அது உண்மை. அதனால்தான் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

"தெரியாது. இன்னிக்குச் சொல்லிட்டேன். நீங்க?"

அப்போது அக்காவின் போன் அடித்தது. லேப் மேலாளர். அக்கா, "ஆமா சார்... சரி சார்... எட்டு மணிக்கா... வந்துடறேன்" என்றாள். வைத்தாள்.

"வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து. ஒரு பல்லைத் திருப்பி வெச்சிருந்தேன், அதைப் பாத்துட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம்."

தங்கை ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெங்காயக் கை. இரண்டு பேருக்கும் கண் எரிந்தது.

மாப்பிள்ளை நிம்மதியாக மூச்சு விட்டார். "பாத்தீங்களா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. தினமும் காலையில நானே கொண்டுபோய் விட்டுடறேன்க்கா."

"வேண்டாம்."

"கோபத்துல பேசாதீங்க."

"கோபம்தான். ஆனா அதுக்காகச் சொல்லலை. வீட்டாள் விட்டா அது தயவு. உங்களுக்கு ஒரு ஏர்போர்ட் வந்தா நான் மறுபடி கேட்ல நிக்கணும். எல்லாரும் எப்படி வேலைக்குப் போறாங்களோ அப்படித்தான் நானும் போவேன். கூப்பிட்டா வண்டி வரணும். போடுடி."

தங்கை ஆபீஸ் குரூப்பில் போட்டாள். திங்கள் முதல் தினமும் ஏழு பதினைந்து. 🦽 மடங்கும்.

மேஜை மேல் இருந்த மாப்பிள்ளையின் போன் உடனே ஒலித்தது. அவர் எடுத்து, கட்டைவிரலைத் தட்டினார்.

"எடுத்துடுங்க" என்றாள் அக்கா.

எடுத்தார்.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்றாவது நிமிஷம் முடிகிறபோது தங்கைக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. வேன்காரம்மா. தங்கை வாய்விட்டுப் படித்தாள்.

'நான் வந்துருவேன்மா, ஆனா கட்டைவிரல் போட பயமா இருக்கு. உங்க கிண்டலையெல்லாம் ஒரு பாசெஞ்சர் படிச்சாங்க, எனக்கு வெக்கமா இருந்துச்சுன்னு மத்தியானம் ஸ்டாண்டு குரூப்ல எழுதினேன். உடனே தூக்கிட்டாங்க. இனிமே ஸ்டாண்டுல வண்டி நிறுத்தக்கூடாதாம். எங்க போய் நிக்கறதுன்னு தெரியலை.'

'யாரு தூக்கினது?' என்று தங்கை தட்டினாள்.

பதில் ஒரே சொல்தான். தங்கை அதை உரக்கப் படிக்கவில்லை. போனைத் திருப்பி மாப்பிள்ளையிடம் காட்டினாள்.

"அப்ப மத்தியானமே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் திராட்சை வாங்கிட்டு வந்தீங்க."

தங்கை அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள்.

"கிளம்புங்க. ஸ்டாண்டுக்குப் போறோம், மூணு பேரும். அந்தம்மா வண்டியை எங்க நிறுத்தினாங்களோ அங்கேயே நிறுத்தட்டும்னு உங்க வாயால நீங்க சொல்லணும். நான் காதால கேக்கணும்."

"இப்பவா? ஷிஃப்ட் மாறற நேரம். எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. என்னை அவங்க யாரும் பாத்ததில்லையே" என்றாள் அக்கா.

அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி, கதவை இழுத்துத் திறந்தாள். மாப்பிள்ளை மேஜை மேல் இருந்த வண்டிச் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை. அக்கா கதவைப் பிடித்தபடியே காத்திருந்தாள்.